பொருளியல் மேடை: நம் மன்றத்தின் வழிகளும் வரம்பும்

மலர்க் குழுவினர் கேட்டது நம் மேடையில் பேசப்பட்ட பொருளியலின் கதையை. தலைவர் ஐயா தொலைபேசியில் கூடுதலாக ஒன்று கேட்டுக்கொண்டார்: சண்டை வராமல் எழுத வேண்டும் என்று. அவர் சொல்லை நான் தட்டியதில்லை, இந்த வயதில் தட்டும் உத்தேசமும் இல்லை. ஆனால் சந்தைக்கு எவ்வளவு விடுவது, சர்க்கார் எதில் கை வைப்பது, பணம் சேர்த்தவனை எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதையே அரை நூற்றாண்டாகப் பேசிய சபை நம்முடையது. அதைச் சண்டையின் வாடையே இல்லாமல் எழுதினால், நான் வேறு ஏதோ பஜனை மடத்தைப் பற்றி எழுதிவிட்டேன் என்றுதான் மூத்தவர்கள் நினைப்பார்கள்.

காங்கிரஸின் ஆவடி சமதர்மத் தீர்மானம், நாகபுரிக் கூட்டுப் பண்ணைத் தீர்மானம், 1959-இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி பிறந்த கதை இவற்றையெல்லாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. உறுப்பினர்கள் அறிந்தவை. புதியவர்கள் நூலக அலமாரியின் மூன்றாம் தட்டைப் பார்க்கலாம், சாவி கிடைத்தால்.

நம்மிடம் ஐந்து வழிகள் உண்டு என்பது வழக்கு. கூடத்தில் அவரவர் உட்காரும் இடமே வழியைச் சொல்லிவிடும். மேடைக்கு இடப்புறம், மின்விசிறிக்கு நேர் கீழே தோழர்கள். (இடப்புறத்தை அவர்கள் கொள்கைக்காகத் தேர்ந்தார்களா, விசிறிக்காகவா என்பது இன்றுவரை தீராத கேள்வி.) ஜன்னலோரம் குமரப்பா வழிக்காரர்கள். வாசலுக்குப் பக்கத்தில் கழக வழியினர், பாதியில் எழுந்து போகவேண்டிய கூட்டம் அவர்களுக்கு எப்போதும் ஒன்று இருக்கும். முன்வரிசையில் கல்லூரிப் பேராசிரியர்கள். தூணுக்குப் பின்னால் நாங்கள், ராஜாஜி வழியைச் சேர்ந்த கடைக்காரர்கள்.

பேராசிரியர் வழியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மாணவர்களை அவரவர் சொந்தக் கிராமத்துக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்த கில்பர்ட் ஸ்லேட்டரிடமிருந்து தொடங்குவார்கள். 1971-இல் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய மால்கம் ஆதிசேஷையாவில் வந்து நிற்பார்கள். அவர்களால் மன்றத்துக்குக் கிடைத்த நன்மை, எண் சொன்னால் எந்த ஆண்டு எண் என்று கேட்கும் பழக்கம். தீமை ஒன்றும் இல்லை, நேரம் மட்டும் மீறுவார்கள்.

தோழர்களைப் பற்றி எங்கள் தரப்பில் ஒருவன் மனமாரப் புகழ்ந்து எழுதுவது இந்த மலரில்தான் முதல் தடவையாக இருக்கும். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலரும், 1952-இல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்ற பி. ராமமூர்த்தியும் அவர்களுடைய குருபரம்பரை. கோஷம் போடுகிறவர்கள் என்று வெளியே பெயர். மன்றத்துக்குள்ளோ, ஆலையின் ஐந்தொகைக் குறிப்பை எங்களைவிட நன்றாகப் படித்தவர்கள் அவர்கள்தான். தேய்மானத்தில் எவ்வளவு ஒளிந்திருக்கிறது, காப்பு நிதியிலிருந்து எந்த வருஷம் எவ்வளவு எடுத்து ஈவுத்தொகை தந்தார்கள் என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். லாபத்தைத் திட்டுவதற்கு முன்னால் லாபத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பள்ளியின் பாடம்.

கழக வழிக்குப் புத்தகம் குறைவு, ஞாபகம் அதிகம். 1953-இல் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றது, 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று தொடங்கியது, 1997-இல் மத்திய அரசு ரேஷன் சலுகையை ஏழைகளை நோக்கிச் சுருக்கியபோது தமிழ்நாடு எல்லாக் கார்டுக்கும் அரிசி என்ற பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டது: இந்த மூன்றையும் அவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். பணக்காரனுக்கும் ரேஷன் கார்டு எதற்கு என்று நாங்கள் கேட்டால், யார் ஏழை என்று தாசில்தார் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுக்கவேண்டாம் என்பவர்கள் நீங்கள்தானே என்று திருப்பிக் கேட்பார்கள். இதற்கு எங்கள் தரப்பில் நல்ல பதில் இதுவரை வரவில்லை.

குமரப்பா வழிக்கு இந்த ஊரில் தனி உரிமை உண்டு. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்று, பம்பாயில் தணிக்கை அலுவலகம் நடத்திய ஜே. சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கியது நம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். 1960-இல் மதுரையில்தான் மறைந்தார். அதுவும் ஜனவரி 30-ஆம் தேதி. பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கைப் பார்த்துக்கொண்டபோது காந்தியின் பரிவாரச் செலவை அந்த நிதியிலிருந்து தர முடியாது என்று சொன்னவர். அவர் வழியில் வந்த ஒருவர் நம் மன்றத்தின் பொருளாளராக இருந்த காலத்தில், காப்பிச் செலவுக்கு ரசீது கேட்டு நிர்வாகக் குழுவையே அலையவிட்டார். மரபு என்றால் இப்படித்தான் இறங்கி வரவேண்டும்.

குமரப்பாவின் ஐந்து வகைப் பொருளாதாரம் உறுப்பினர்களுக்குப் பாடம். இரையைக் கொன்று தின்னும் புலி, நடாத தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு, தானே கூடு கட்டும் பறவை, கூட்டுக்காக உழைக்கும் தேனீ, குஞ்சுக்காக இரை தேடும் தாய்ப்பறவை. எவ்வளவு செல்வம் என்ற கேள்வியே அந்த வழியில் எழாது, எந்த வகையில் வந்த செல்வம் என்றுதான் கேட்பார்கள். அதனால் அவர்களுக்குச் சந்தைக்காரரும் ஒன்றுதான், திட்டக் கமிஷனும் ஒன்றுதான். பெரிய ஆலை தனியாரிடம் இருந்தால் என்ன, சர்க்காரிடம் இருந்தால் என்ன, செக்கு நின்றுபோனது நின்றதுதானே என்பார்கள். மின்சாரம் பற்றிக் கேட்டால் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

இனி எங்கள் வழி. இதில் நான் சற்று நின்று போவதைத் தலைவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் ஆசிரியர் தம் பெயர் அச்சில் வருவதை விரும்பியதில்லை, குடும்பத்தாரும் இப்போது விரும்பவில்லை. நூற்கடை ஐயா என்றால் உறுப்பினர்களுக்குப் போதும். விளக்குத்தூண் பக்கம் சின்னக் கடை. நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் சிட்டங்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். சௌராஷ்டிர நெசவாளர்கள் படியில் உட்கார்ந்து பாவுக்குக் கணக்குப் பார்ப்பார்கள். 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தபோது ஐயா அந்தக் கடையில் பையன். பெர்மிட்டுக்கு வரிசையில் நின்றதும், கட்டுப்பாட்டு விலைக்குப் பில் போட்டு மீதியைக் கையில் வாங்கும் கலையைப் பெரிய கடைகள் பயின்றதும் அவர் கண் முன்னால் நடந்தவை. பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று ராஜாஜி பிற்பாடு சொன்னதை ஐயா எந்தப் பத்திரிகையிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் கட்டுப்பாட்டை வெறுமனே திட்டுகிறவனை அவர் மேடையேற விட்டதில்லை. அவர் எல்லாருக்கும் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. 1947 கடைசியில் காந்தியடிகள் பிரார்த்தனைக் கூட்டங்களில் கட்டுப்பாடுகளை எடுக்கச் சொல்லித் தொடர்ந்து பேசினார். தானியத்துக்கு டிசம்பரிலும், துணிக்கு 1948 ஜனவரியிலும் தளர்த்தினார்கள். விலை தாவிற்று. அந்த ஆண்டுக்குள்ளேயே இரண்டுக்கும் கட்டுப்பாடு திரும்ப வந்துவிட்டது. பிறகு 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். எல்லாரும் பயந்தார்கள், விலை தாவவில்லை. 1954-க்குள் நாடு முழுவதுமே அந்த வழிக்கு வந்தது. இரண்டும் ஒரே மருந்துதானே, ஒரு தடவை ஏன் நோய் முற்றியது, ஒரு தடவை ஏன் குணமானது என்று கேட்பார்.

பையன்கள் திணறுவார்கள். ஐயா பொறுமையாக எடுத்துச் சொல்வார். யுத்த காலத்தில் செலவழிக்க வழியில்லாமல் சேர்ந்த பணம் 1948-இல் ஜனங்கள் கையில் இருந்தது, சரக்கு சில பேர் கிடங்கில் இருந்தது, தேசப் பிரிவினையில் ரயில்கள் நிலைகுலைந்திருந்தன. 1952-க்குள் கொரியா யுத்தத்தால் ஏறிய விலைகள் தாமாகவே சரிந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கடன் கோதுமை கப்பலில் வந்து இறங்கியிருந்தது. தில்லியில் உணவு மந்திரியாக வந்த ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். ராஜாஜியின் தைரியம் பெரிதுதான், அதற்குக் கீழே கோதுமை மூட்டையும் இருந்தது என்பார் ஐயா. முதல் தடவை ஏன் தோற்றது என்று சொல்லத் தெரியாதவன் இரண்டாம் தடவையைப் பற்றிப் பெருமை பேச எங்கள் வழியில் அனுமதி கிடையாது.

இன்னொரு சங்கடமும் எங்களுக்கு உண்டு, மற்ற வழியினர் அதை மறக்க விட்டதில்லை. சுதந்திரச் சந்தைக்கு நாங்கள் தலைவராகக் கொண்டவர்தான் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து, பழைய கடனில் அசலுக்கு இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்று வட்டிக் கடைக்காரரின் பேரேட்டில் கோடு போட்டார். மதுவிலக்கில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் பொது விற்பனை வரியைப் போட்டார். 1952-இல் வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கு ஒதுக்கச் சொல்லித் தில்லியோடு மல்லுக்கு நின்றார். விற்பனை வரியைக் கண்டுபிடித்தவரைத் தலைவராகக் கொண்ட கடைக்காரர் கூட்டம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்க முடியாது.

ஐயா இதை மறைத்ததில்லை, முன்வரிசையில் வைத்துப் பேசினார். அவர் சொன்ன விளக்கம் இது: ராஜாஜி சர்க்காரே வேண்டாம் என்றவர் அல்லர். வெளிப்படையாக எழுதப்பட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சட்டத்தை அவர் அஞ்சியதில்லை. ஓர் அதிகாரி இவனுக்கு உண்டு, அவனுக்கு இல்லை என்று மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கும் ஏற்பாட்டைத்தான் அஞ்சினார். மதுவிலக்கு சரியோ தவறோ, அதற்குக் கோட்டா கிடையாது. இந்த விளக்கத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. வேட்டி ஒதுக்கீட்டில் எந்த ஆலைக்கு எவ்வளவு என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்று ஒரு தோழர் குறுக்கிட்டார். ஐயா நோட்டில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டு அடுத்த தடவை அதே விளக்கத்தை அந்தக் குறுக்கீட்டையும் சேர்த்துச் சொன்னார்.

நம் மன்றத்தின் வரம்பு என்று நான் சொல்வது இந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான். அரைத்தாள் முறை. ஃபுல்ஸ்கேப் தாளை இரண்டாகக் கிழித்த பாதி. பேசப்போகிறவர் கூட்டத்துக்கு முந்தின நாளே அதில் எதிர்த்தரப்பின் வாதத்தைத் தம் கையால் எழுதித் தர வேண்டும். தம் வாதத்தையல்ல, எதிராளியின் வாதத்தை, அதுவும் அதன் முழுப் பலத்தோடு. எதிர்வழி மூத்தவர் ஒருவர் படித்து, நான் சொல்ல நினைப்பது இதுதான் என்று ஒப்பமிட வேண்டும். ஒப்பம் இல்லையென்றால் மேடை இல்லை. யோசனை நூற்கடை ஐயாவுடையது என்று நாங்கள் சொல்வோம், தங்கள் ஆள் ஒருவருடையது என்று தோழர்கள் சொல்வார்கள். அது இருக்கட்டும்.

லைசென்ஸ் முறையை எதிர்த்துப் பேசவந்த ஒரு வக்கீலின் தாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தனியார் வளரக் கூடாது என்ற பொறாமையால் 1951-இல் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது என்று எழுதியிருந்தார். தோழர் அதை அடித்துத் திருப்பி அனுப்பினார். அந்நியச் செலாவணி கொஞ்சம், இரும்பும் சிமெண்டும் கொஞ்சம், அவை சோப்புக்கும் பவுடருக்கும் போகாமல் இயந்திரத் தொழிலுக்குப் போகவேண்டும் என்பது காரணம்; எல்லாத் தொழிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குவியாமல் பின்தங்கிய ஜில்லாக்களுக்கும் பரவ வேண்டும் என்பது காரணம்; போதாததற்கு 1944 பம்பாய்த் திட்டத்தில் டாட்டாவும் பிர்லாவுமே அரசு திட்டமிட வேண்டும் என்று கேட்டார்களே, அதையும் எழுது என்றார். வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எழுதப் போனார். எழுதுவதற்காகப் படித்ததில் 1967-இல் வந்த ஹசாரி அறிக்கை அவர் கையில் சிக்கியது. பெரிய குழுமம் ஒன்றே பல லைசென்ஸ்களை முன்கூட்டியே வாங்கிவைத்து, மற்றவர்கள் நுழையாதபடி இடத்தைப் பிடித்துக்கொண்டதை அந்த அறிக்கை காட்டியிருந்தது. கூட்டத்தன்று வக்கீலின் பேச்சே மாறிவிட்டது: தனியாரை அடக்க வந்த வேலி பெரிய தனியாருக்குக் காவலாகிவிட்டது என்று. தோழரும் அன்று தம் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே அறிக்கையிலிருந்து அவர் ஏகபோகத் தடைச் சட்டத்துக்குப் போனார், வக்கீல் லைசென்ஸ் ஒழிப்புக்குப் போனார். ஒரே மேசை, ஒரே புத்தகம், இரண்டு வழி. அந்த மாலையைப் போல இன்னொன்று அமையவில்லை.

செல்வத்தைப் பற்றிய பேச்சிலும் அதே வரம்பு இருந்தது. வருமான வரி உச்ச வீதம் கூடுதல் வரியோடு சேர்த்து 97.75 விழுக்காடாக இருந்த காலம். மேல்தட்டு ரூபாயில் இரண்டேகால் பைசா உடையவனுக்கு மிச்சம். சொத்து வரி வேறு, மரண வரி வேறு. எங்கள் தரப்பு குமுறியது இயல்பு. ஆனால் அந்த வரியைக் குறைக்கவேண்டும் என்பதற்கு மன்றத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வாதம் ஒரு தோழரின் அரைத்தாளில்தான் இருந்தது. வீதம் ஏற ஏறக் கணக்கில் வராத பணம்தான் பெருகுகிறது என்று வாஞ்சூ கமிட்டி 1971-இல் சொன்னதை எடுத்து, கறுப்புப் பணம் தொழிலாளிக்குப் போனஸ் தராது, கணக்கில் வந்த லாபம்தான் தரும் என்று எழுதியிருந்தார். எங்கள் தூணுக்குப் பின்னால் யாருக்கும் தோன்றாத வாதம். ஒப்பமிட்ட ஐயா அந்தத் தாளைத் திருப்பித் தர மனமில்லாமல் கொஞ்சநாள் வைத்திருந்தார்.

எங்கள் பக்கமிருந்தும் அதற்கு ஈடு செய்தோம். 1972-இல் நம் ஊர்ப் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போன கதை மன்றத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிய விவாதம். டி.வி.எஸ். பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரம் திருத்திக்கொண்ட ஊர் இது, சர்க்கார் பஸ்ஸை யார் ஆதரிப்பார்கள்? ஆனாலும் எங்கள் ஆள் ஒருவர் எழுதினார்: அந்த நேரம் தவறாமையும் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் ரூட் பெர்மிட் என்ற மதிலுக்குள் வளர்ந்ததுதான், போட்டியில் வளர்ந்ததல்ல, லாபமில்லாத கிராமத்துக்குப் பெர்மிட் கேட்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. கழக வழியினர் இதைக் கேட்டு மேசையைத் தட்டினார்கள். பாதியில் எழுந்து போகாமல் அவர்கள் கடைசிவரை இருந்த கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

1991 ஜூலை பட்ஜெட்டுக்குப் பிறகு எங்கள் தரப்பில் லட்டு கொடுத்தோம். ஐயா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, 47 டன் தங்கத்தை அந்நிய நாட்டு வங்கிகளில் அடகு வைத்த மாதத்தில் வந்த புத்திக்கு இத்தனை இனிப்பா என்று கேட்டார். லைசென்ஸ் போனதில் அவருக்கு மகிழ்ச்சிதான். தம் கடைப் படியில் உட்காரும் நெசவாளிக்கு எது மாறியது என்பதுதான் அவர் கேள்வி. ஆலைகள் ஒரு பங்கு நூலைச் சிட்டமாகவே தரவேண்டும் என்ற விதியும், 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985 சட்டமும் தமக்குக் கொள்கை அளவில் பிடிக்காதவை என்று மேடையில் சொன்னார். பிறகு, அவற்றை எடுத்தால் முதலில் மூடப்போகும் கடைகளில் தமது கடையும் ஒன்று என்பதால் தமது அபிப்பிராயத்தை உறுப்பினர்கள் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும் என்றும் சொன்னார். பேசுகிறவன் தன் பெட்டிச் சாவி எந்தப் பக்கம் தொங்குகிறது என்று முதலில் காட்டிவிட்டுப் பேசினான். அன்றைய வரம்பு அது.

இன்றைய நிலையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. தம்மைத்தான் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்களுடைய மனச்சாட்சி இன்னும் உயிரோடிருப்பதற்கு அடையாளம். இளைஞர்கள் பலர் நன்றாகப் பேசுகிறார்கள். குரல் வளம் இருக்கிறது. எங்கள் காலத்தில் இல்லாத புள்ளிவிவரமெல்லாம் அவர்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் அரைத்தாள் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று சொல்ல முடியாது, யாரும் தீர்மானம் போட்டு நிறுத்தவில்லை. ஒரு சிறப்பு விருந்தினர் வெளியூரிலிருந்து வந்தார், அவரிடம் போய்க் கேட்பது மரியாதையல்ல என்று விட்டோம். அடுத்த விருந்தினருக்கும் அதே மரியாதை. பிறகு நம்மவர்களே விருந்தினர் ஆகிவிட்டார்கள்.

தாள் போன இடத்தில் பொன்னாடை வந்தது. ஒருவருக்கு ஒன்று என்று தொடங்கி, வரவேற்புரை ஆற்றியவருக்கும் நன்றியுரை ஆற்றப்போகிறவருக்கும் உண்டு என்றாகி, சென்ற ஆண்டு பட்ஜெட் கூட்டத்தில் சால்வை போர்த்திய நேரம் பட்ஜெட்டைப் பேசிய நேரத்தைத் தாண்டியது. பேசியவர்களில் ஒரு சாராருக்கு ‘கார்ப்பரேட்’ என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. இன்னொரு சாராருக்கு ‘இலவசம்’ என்பதே போதுமானது. வருவாய்ப் பற்றாக்குறை வேறு, நிதிப் பற்றாக்குறை வேறு என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டபோது, நேரமில்லை என்று அவரை உட்கார வைத்தார்கள். கேட்டவர் நமது பழைய பேராசிரியர் வழியில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். பணக்காரனைத் திட்டினால் கைதட்டல் கிடைக்கிறது, பணக்காரனைப் புகழ்ந்தால் திரும்பிப் போகக் கார் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் இரண்டு கூடங்களில் பெற்றுக்கொண்டவர்களும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். நம் மன்றத்தில் இல்லை, வேறு ஊரில்.

சுண்டலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. பழைய நாளில் கூட்டம் முடிந்து இலைத் துண்டில் சுண்டல் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்காருவோம். மேடையில் விட்ட வாதம் அங்கேதான் முடியும். தோழரும் கடைக்காரரும் ஒரே படியில் உட்கார வேறு இடம் ஊரில் கிடையாது. இப்போது உறைக்குள் அடைத்த மிக்சர் தருகிறார்கள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரவர் வண்டியை எடுக்கப் போய்விடுகிறார்கள்.

இது ஒரு மன்றத்தின் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பதற்கு முன்னால், தில்லியில் யாராவது ஒருவர் எதிர்வாதத்தை அரைத்தாளில் எழுதி, எதிராளி ஒருவரிடம் ஒப்பம் வாங்கியிருந்தால் விளக்குத்தூண் கடைகளில் அந்தக் கார்த்திகை எப்படி இருந்திருக்கும்? 2020-இல் நிறைவேற்றி 2021-இல் திரும்பப் பெற்ற மூன்று வேளாண் சட்டங்களின் நோக்கத்தில் பாதி எங்கள் வழியில் நாங்களே பல வருஷம் பேசியதுதான். பஞ்சாப் விவசாயி மண்டியை ஏன் விடமாட்டேன் என்கிறான் என்று அரைப்பக்கம் எழுதத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு வருஷம் தில்லி எல்லையில் குளிரில் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, சீர்திருத்தம் என்ற பேச்சும் ஒரு தலைமுறைக்குக் கெட்டுப்போயிருக்காது. நம் மாநிலத்தையும் விடவேண்டாம். 1937-இல் சேலத்தில் கள்ளுக்கடையை மூடியவரின் மாநிலத்தில் 2003-இலிருந்து சில்லறை மதுக்கடையை அரசு ஒன்றுதான் நடத்துகிறது. சந்தைக்காரரும் சமதர்மக்காரரும் சேர்ந்தே எதிர்க்கவேண்டிய ஏற்பாடு. எந்த வழிக்காரரும் நம் மேடையில் இதை முழுக் கூட்டமாக எடுத்துப் பேசியதில்லை. வீடுகளிலும் இதே நிலைதான். அப்பா சொல்வதை மகன் முடிக்க விடுவதில்லை. காய்கறிக்காரம்மாவிடம் விலை கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எல்லாம் அரைத்தாள் நின்ற பிறகு வந்தவை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், தேதியைச் சரிபார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் இதில் குறை இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் இல்லையென்றால் கூடமே இருந்திருக்காது, கல்யாண மண்டபமாகியிருக்கும். கூரையை மாற்றினார்கள், மின்விசிறிகளைப் புதுப்பித்தார்கள், வாடகை பாக்கி இல்லாமல் வைத்திருக்கிறார்கள். தோழர்கள் பக்கமும் கழக வழியிலும் மூத்தவர்கள் சிலர் என் கருத்தோடு ஒத்திருக்கிறார்கள், பெயர் போடவேண்டாம் என்றார்கள்.

பழைய தாள்கள் போய்விடவில்லை. செயலாளர் அறையில் நாற்காலிகளுக்குப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. பொங்கலுக்கு முன் திறந்து பார்த்தேன். எழுபதுகளின் தாள்கட்டில் ஓரங்களை ராமபாணம் அரித்திருக்கிறது, எழுத்துக்கு இன்னும் வரவில்லை. வக்கீலின் முதல் தாளும் இருக்கிறது, அதன் குறுக்கே தோழர் போட்ட சிவப்புக் கோட்டோடு. கூட்டத்துக்கு இரண்டு பொன்னாடை குறைத்தால் அந்தப் பெட்டி முழுவதையும் நகலெடுத்துக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். செயற்குழுவில் வைப்பதாகச் சொன்னார். அதை எதிர்த்துப் பேச நினைக்கும் உறுப்பினர் யாராக இருந்தாலும், என் வாதத்தை ஒரு தாளில் எழுதி முந்தின நாளே எனக்கு அனுப்பட்டும், சரியாக இருந்தால் நான் ஒப்பமிட்டுத் தருகிறேன்.